கோடைக்கானலில் இரண்டு நாள்: ஏரியும் பூங்காவும் மட்டும் போதுமா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு ஆறு வயது. கோடைக்கானலில் இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். ஏரியையும் அதன் கரையில் இருக்கும் பூங்காவையும் மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா? ஊர் முன்பு போல இல்லை, கட்டடமும் நெரிசலும்தான் மிச்சம் என்கிறார்களே, வரலாமா?" மேலோட்டமாகப் படித்தால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கேட்பது போலத் தோன்றும். ஆனால் வயதானவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, வளர்ந்துகொண்டே போகும் ஒரு சிறிய மலையூருக்கு வந்தால், அந்த ஊரைப் பற்றி நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கும் அமைதி இன்னும் கிடைக்குமா என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பழனி மலையில் நாற்றங்கால்களிலும் பூந்தோட்டங்களிலும் வேலை பார்த்துவருகிறேன், குடியிருப்பது நாயுடுபுரத்தில். செடி, மண், பருவம், இந்த ஊரின் நடைமுறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். உடல்நலத்தைப் பற்றியும் தண்ணீரின் தரத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது படித்தும் கேட்டும் அறிந்தது மட்டுமே. அந்த இடங்களில் அதைச் சொல்லிவிடுவேன். சுருக்கமான பதில் இதுதான்: போதும், தாராளமாகப் போதும். உங்கள் வீட்டாரின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வார நாட்களில் வர வேண்டும். ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க வேண்டும். இந்த இரண்டும் அமையாவிட்டால், இருக்கும் இரண்டு நாளில் ஒரு நாள் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரின் நன்மை தீமை எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. இது தானாக உண்டான ஏரி அல்ல. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே வீடு கட்டிக் குடியேறியபோது, இன்று தண்ணீர் நிற்கும் இடம் ஓடைகள் வந்து கூடும் சதுப்பான பள்ளமாக இருந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அந்த ஓடைகளை மறித்துக் கரை போட்டார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகை மேலே வரவழைத்தவரும் அவரே என்று சொல்வார்கள். கரை எழுந்ததும் தண்ணீர் ஒவ்வோர் ஓடை வழியாகவும் பின்னோக்கி ஏறி, குன்றுகளுக்கு இடையிலான மடிப்புகளில் எல்லாம் புகுந்து நின்றதால்தான் ஏரி நட்சத்திர வடிவத்தில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் ஒரே பார்வையில் கிடைக்காது. ஒரு வளைவு திரும்பினால் இன்னொரு கை நீண்டு கிடக்கும். மெதுவாக நடப்பவர்களுக்கு இந்த ஏரி அலுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மலையேறி வரும்போது, ஊருக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்தில் 180 அடி உயரத்திலிருந்து விழும் வெள்ளி நீர்வீழ்ச்சியைப் பார்ப்பீர்கள். ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. பார்ப்பதற்கு அழகானது, ஆனால் குழந்தையை அதில் இறக்க வேண்டாம். ஏரி ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது, ஊர் அந்தக் கிண்ணத்தின் விளிம்பெல்லாம் ஏறியிருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நகராட்சியில் 32,931 பேர். 2011இல் 36,501 பேர். இந்த வளர்ச்சி மட்டும் என்றால் மலை தாங்கிக்கொள்ளும். வந்துபோகிறவர்களுக்காக எழும்பிய அறைகளும், அந்த அறைகளின் கழிவுநீரும்தான் தாங்க முடியாதவை. சரிவில் கட்டிய எந்தக் கட்டடத்தின் கழிவும் சரியாகத் தேக்கப்படாவிட்டால், அது கடைசியில் ஏரிக்கே வரும். அதில் இருக்கும் சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரையும் நீருக்கடியில் வளரும் பாசியும் களையும் பெருகுகின்றன. செடிக்கு உரம் என்ன செய்யும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், ஏரியின் பச்சை நிறத்துக்கு இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். நகராட்சி எந்திரம் வைத்துக் களையை அள்ளுகிறது. அள்ளிய சில மாதங்களில் அது மறுபடியும் தலைகாட்டுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவின் காரணமாக 2001இல் மூடப்பட்டதும், ஏரி மீன்களில் பாதரசம் இருந்ததை ஆய்வுகள் காட்டியதும் பலர் அறிந்த செய்தி. இன்றைய நிலவரத்தைச் சொல்லும் தகுதி அந்தத் துறை அறிஞர்களுக்கே உண்டு. என் வீட்டில் ஏரி மீன் வாங்குவதில்லை, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டாம். ஊருக்குக் குடிநீர் அப்சர்வேட்டரிப் பக்கம் மேட்டில் இருக்கும் நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது, ஏரியிலிருந்து அல்ல. கரையில் நடப்பதற்கும் படகில் போவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

எப்போது வருவது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இங்கே வேலை கிடைத்த மறு ஆண்டு, மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமையன்று என் அப்பாவை முதல் முறையாக மேலே அழைத்துவந்தேன். ஊருக்குச் சற்றுக் கீழே இருக்கும் பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் மூஞ்சிக்கல் வருவதற்கு நான்கு மணி நேரம் பிடித்தது. வழியில் இறங்கி இளைப்பாற இடமில்லை, கழிப்பறைக்கு ஒதுங்கவும் வழியில்லை. ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. வண்டிக் கண்ணாடி வழியாக அவர் பார்த்தது ஏரியின்மேல் விழுந்த விளக்கு வெளிச்சத்தை மட்டுமே. மறுநாள் காலை இறங்கியாக வேண்டிய வேலை அவருக்கு. பிறகு இரண்டு ஆண்டு கழித்து ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமையில் வந்தார். அன்று காலை ஏரிக்கரைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஊரும் அதுதான், ஏரியும் அதுதான்; நாள் மட்டுமே வேறு.

ஆகவே ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே முடியும் வரையும், ஆயுதபூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளிலும், எல்லாச் சனி ஞாயிறுகளிலும் அம்மாவை அழைத்து வர வேண்டாம் என்பது என் கருத்து. மகளின் பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பது பெரிய குற்றமாகாது. ஜனவரி பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். இரவுக் குளிர் கடுமை, தாழ்வான இடங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் மூடுபனியும் தூறலும் மாறிமாறி வரும், இடையிடையே வெயில் தலைகாட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இங்கே வலுவாகப் பெய்யும்; மலைச்சாலையில் மரம் விழுவதும் மண் சரிவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பூவும் வேண்டும், கூட்டமும் கூடாது என்றால் ஏப்ரல் முதல் பாதியில் ஒரு திங்கள் முதல் புதன் வரை வாருங்கள். பூக்களைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை என்றால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள்.

சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் விதித்தார்கள்: கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. இணையத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் பாஸ் கிடைக்கும், கட்டணம் கிடையாது. வரம்பு நீதிமன்றத்தின் மறு உத்தரவைப் பொறுத்து மாறக்கூடியது என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. திண்டுக்கல் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்தோ வாடகைக் காரோ பிடிப்பது உங்களுக்கு உடம்பு அலுக்காத வழி.

மேலே ஏறும் சாலைகளில் முதன்மையானது வத்தலக்குண்டு வழி. அகலமானது, பேருந்துகள் அடிக்கடி உண்டு. பழனியிலிருந்து ஏறும் 64 கிலோமீட்டர் சாலையில் காடு நெருக்கமாக இருக்கும், வளைவுகளும் அதிகம். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலை மிகக் குறுகலானது. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அதைத் தொட வேண்டாம். வத்தலக்குண்டு வழியில் டம்டம் பாறையில் கட்டாயம் நிறுத்துங்கள். எதிர்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய கோடாக இறங்கும் தலையாறு அருவியை அங்கிருந்து பார்க்கலாம்; எலிவால் அருவி என்ற பெயர் அதற்கு ஏன் வந்தது என்று குழந்தை தானே கண்டுபிடித்துவிடும். அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். வாந்தி வரும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. பழனி வழியாக வருவதானால் மகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது: குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட மலை இதுதான், அன்றைய பொதினிதான் இன்றைய பழனி. கோடைமலைக்குத் தலைவனாகச் சங்கப் பாடலில் வரும் கடிய நெடுவேட்டுவனும் இந்த மலைக்காரனே என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். ஊரின் பெயருக்குக் கோடைக்காலத்துக் காடு என்றும் கொடிகள் அடர்ந்த காடு என்றும் இருவிதமாகப் பொருள் சொல்வார்கள்; இதில் எதையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்குமிடத்தின் பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. எது நன்றாக நடக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதற்குப் பதிலாக, முன்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஏரிக்கு எத்தனை நிமிடம் நடை என்று கேளுங்கள். "ஏரி தெரியும்" என்பதும் "ஏரிக்கு நடக்கலாம்" என்பதும் வேறு வேறு, தெரியும் அறைகள் பெரும்பாலும் செங்குத்தான ஏற்றத்தில் இருக்கும். வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று கேளுங்கள். மலையில் கட்டிய வீடுகளில் முப்பது நாற்பது படி சாதாரணம், அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் முதல் எதிரி. நகராட்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊரில் எங்கே எப்படிக் கட்டலாம் என்று வகுத்த 1993ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தது நடந்திருக்கிறது. கடைசியாக, கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, அது எங்கே போகிறது என்று கேளுங்கள். பலர் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் கேட்டால் விடுதிக்காரர்கள் பதிலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய நிலை வரும், ஏரிக்கு அதைவிடப் பெரிய உதவி வெளியூர்க்காரர் ஒருவரால் செய்ய முடியாது.

முதல் நாள் மதியம் வந்து சேர்ந்தால் மாலை வரை ஓய்வெடுங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் தொல்லை வருவதில்லை என்றாலும், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அம்மாவின் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குளிரில் மூட்டு வலி கூடுகிறது என்று என் அம்மாவும் சொல்வார். கம்பளிக் காலுறையும் காதை மூடும் குல்லாவும் விலையுயர்ந்த ஸ்வெட்டரைவிட அதிகம் உதவும்.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் இருங்கள். இதைச் செய்யத்தான் நடக்கும் தூரத்தில் தங்கச் சொன்னேன். அந்த நேரத்தில் தண்ணீரின் மேலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கரையோரத்து மரங்கள் பாதிக்கு மேல் தெரியாது. படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளுக்குள் இரவுப் பனி தேங்கியிருக்கும். வாயை வெட்டிய பழைய எண்ணெய் கேனால் ஒருவர் அதை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவார், அந்தச் சத்தம் எதிர்க்கரை வரை கேட்கும். முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை ஒன்று தண்ணீருக்குள் மூழ்கும். அது எங்கே எழும்பும் என்று மகளிடம் பந்தயம் கட்டுங்கள், அநேகமாக இருவருமே தோற்பீர்கள். குதிரைகளும் வாடகைச் சைக்கிள்களும் ஒன்பது மணிக்கு மேல்தான் பெருகும். அம்மா முழுச் சுற்றும் நடக்க வேண்டியதில்லை. பூங்கா வாசலிலிருந்து தொடங்கிச் சாலையோரமாகக் கால் பங்கு தூரம் போய்த் திரும்பினாலே போதும், இந்தச் சாலை பெரும்பாலும் சமதளம். படகில் ஏற ஆசைப்பட்டால் பெடல் படகு வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது. துடுப்பு போடுபவரோடு கூடிய படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கும்போது படகு ஆடும். ஒருவர் படகிலும் ஒருவர் துறையிலும் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏரியின் கிழக்குப் பக்கத்தில், சாலையை ஒட்டியே பிரையண்ட் பூங்கா இருக்கிறது. எச்.டி.பிரையண்ட் என்ற வன அதிகாரி 1908இல் உருவாக்கியது, பரப்பு 20.5 ஏக்கர், இப்போது தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. காலை திறந்தவுடனே உள்ளே போய்விடுங்கள். ரோஜா வகைகளின் எண்ணிக்கையாக எழுநூறுக்கு மேல் ஒரு கணக்கு சொல்லப்படும். ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: பனியிலும் நோயிலும் சில வகைகள் போகும், புதியவை வரும், எந்தக் கணக்கும் அந்தந்த ஆண்டுக்கே பொருந்தும். வகைகளை எண்ணுவதைவிட ஒரு செடியின் அருகில் குனிந்து, சென்ற கவாத்தின், அதாவது கிளைகளை வெட்டிவிட்டதன், தழும்பைத் தேடிப் பாருங்கள். ஜனவரி வாக்கில் இங்கே ரோஜாவுக்குக் கவாத்து செய்வோம். செடியின் வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் தேங்காமல் வழியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். மொட்டு உட்பக்கம் பார்த்திருந்தால் தளிர் செடியின் நடுவுக்குள் புகுந்து நெருக்கியடித்துப் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். இந்த வெட்டை எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த தோட்டக்காரர், கத்தரியை என் கையில் தருவதற்கு முன் ஒரு வாரம் வெறும் விரலால் மொட்டுகளைத் தொட்டுக் காட்டச் சொன்னார். ஜனவரியில் அப்படி வெட்டிய கிளைகள்தான் ஏப்ரலில் பூத்து நிற்கின்றன. மே மாதத்து மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளையும் அதே போல மாதக் கணக்கில் பின்னோக்கி எண்ணி, உறைபனிக்குத் தப்பவைத்துத் தொகுதி தொகுதியாக வளர்ப்பார்கள். ஆகவே பிப்ரவரியில் வந்தால் ரோஜாப் பாத்திகள் மொட்டையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கண்ணாடி மாளிகையிலும் நாற்றுப் பாத்திகளிலும் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். பூங்கா உருவாவதற்கு முன்பே, 1857இல் நட்டதாகச் சொல்லப்படும் ஒரு யூகலிப்டஸ் மரமும் உள்ளே நிற்கிறது. அதன் அடிமரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பார்க்க மகளுக்குப் பிடிக்கும். பெஞ்சுகள் பல இடங்களில் உண்டு. அம்மா ஒரு பாத்திக்கு எதிரே உட்கார்ந்துவிட்டால், நீங்கள் மகளோடு மேலே கீழே சுற்றிவிட்டு வரலாம். இங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் நீங்கள் பார்க்கும் டேலியாவும் பேன்சியும் ரோஜாவும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து வந்தவை; அது மனிதக் கை செய்த தோட்டம். இந்த மலையின் சொந்தக் காடு வேறு. பள்ளங்களில் குட்டை மரங்கள் நெருங்கி நின்று பாசி போர்த்தியிருக்கும் சோலையும், மேடுகளில் விரிந்த புல்வெளியும் சேர்ந்ததுதான் அது. நம்முடைய சோலை என்ற சொல்லையே உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் அந்தக் காட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். மழைநீரைப் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியில் சீகை (வாட்டில்) மரத்தையும் பைனையும் யூகலிப்டஸையும் நட்டது பெரும் பிழை என்பதை இன்று வனத்துறையினரும் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் அப்படி நட்டதுதான். சொந்தக் காட்டின் ஓரத்தையாவது பார்க்க வேண்டும் என்றால், ஊருக்குப் பக்கத்திலேயே கரடிச்சோலை இருக்கிறது. அங்கே நடை கொஞ்சம் மேடுபள்ளம் என்பதால் அம்மாவை அறையில் விட்டுவிட்டுப் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருப்பதைச் சாலையோரங்களிலும் காணலாம். குறிஞ்சியைக் கேட்டால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை 2030. நடுவில் எவராவது காட்டித் தருவதாகச் சொன்னால் அது அந்தக் குடும்பத்தின் வேறு செடியாக இருக்கும்.

மதியத்துக்கு மேல் ஒரே ஓர் இடம் கூடுதலாகப் பார்க்கலாம் என்றால் கோக்கர்ஸ் வாக் என்று சொல்வேன். 1872இல் கோக்கர் என்ற அதிகாரி செங்குத்தான மலை விளிம்பில் அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. சரிவு மிதமானது, நடுநடுவே உட்காரலாம். வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கமும் மேகம் எதிர்ப்பக்கமும் அமைந்துவிட்டால், உங்கள் நிழலே பெரிய உருவமாக மேகத்தின்மேல் விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையம் காட்டும். இத்தனை ஆண்டில் நான் அதை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், எதிர்பார்த்துப் போக வேண்டாம். தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் காட்டும் வாடகை வண்டிச் சுற்று உங்கள் அம்மாவுக்கு ஏற்றதல்ல. ஒவ்வோர் இடத்திலும் ஏறி இறங்குவதிலேயே அவர் களைத்துவிடுவார். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுக்குள் அமைதியாக இருக்கும் இடம், ஆனால் அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும். மூன்றாவது இரவு கிடைத்தால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்கள். படிப்படியாக இறங்கும் வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைத்தெருவில் வாங்குவதைவிட அங்கே விளைவிப்பவரிடமே வாங்குவது நல்லது.

மாலை இருட்டத் தொடங்கியதும் காட்டுமாடுகள் ஏரிச்சாலை வரைகூட இறங்கி வரும். பெரிய கருத்த உடம்பும் வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களும் உள்ள விலங்கு. பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் இங்கே ஆட்களைக் குத்திய நிகழ்வுகள் உண்டு. எதிரே நின்றால் மூன்று பேருந்து நீளமாவது இடைவெளி விட்டு, படம் எடுக்க விளக்கு அடிக்காமல், பேசாமல் பின்வாங்கிவிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அது போகும் வழியை மறிக்காத வரையில் பெரும்பாலும் அது தன் பாட்டில் போய்விடும். குரங்குகளுக்கு எதையும் கொடுக்க வேண்டாம், கையில் தின்பண்டப் பையைத் தொங்கவிட்டபடி நடக்கவும் வேண்டாம்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்க்கும் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும், ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் இங்கே தடை இருக்கிறது. சோதனையில் சிக்கினால் பணம் கட்ட வேண்டிவரும். ஏரிக்கரையில் சுட்ட சோளமும் சூடான மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடலாம், சோளச் சக்கையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்.

திரும்பும் நாளில் காலை எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிடுங்கள், மேலே ஏறிவரும் வண்டிகளின் கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். சொந்த வண்டி என்றால் ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் வழியில் இருக்கும் ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் கருகல் வாடை வரும். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுவது இந்த மலையின் வழக்கம். மேலே போட்ட கம்பளியை அம்மாவுக்கு உடனே கழற்றிவிட வேண்டாம். டம்டம் பாறையில் நிறுத்தி, அங்கே வெயில் உறைக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கழற்றினால் சளி பிடிக்காது என்பது இங்குள்ள பெரியவர்கள் சொல்வது. மருத்துவ முறையில் அது எவ்வளவு சரி என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன்.